வகுப்பில் மாணவரைச் செயல்பட வைத்தால், பிற்காலத்தில் தாமாகக் கற்கும் பழக்கம் வருமா?

கேள்வி: உதவிப் பேராசிரியர், இயற்பியல்

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிற்றூரில் உள்ள கலை அறிவியல் கல்லூரியில் 11 ஆண்டுகளாக இயற்பியல் நடத்தி வருகிறேன். என்னிடம் வரும் முதலாமாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, பாடநூலில் உள்ள கணக்கைச் சற்றே மாற்றிக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பருவத்தில் என் முறையை மாற்றினேன். 50 நிமிட வகுப்பில் 20 நிமிடம் மட்டும் நான் பேசுகிறேன். மீதி நேரத்தில் மாணவர்கள் நான்கு நான்கு பேராக அமர்ந்து, நான் தரும் கணக்கையோ கேள்வியையோ பேசித் தீர்க்க வேண்டும். ஆறு வாரம் கழித்துப் பெயரில்லாத தாளில் கருத்து எழுதித் தரச் சொன்னேன். பாதிக்கும் மேற்பட்டோர், முன்பு நடத்தியது போலவே நடத்துங்கள், அப்போது நன்றாகப் புரிந்தது, இப்போது எல்லாவற்றையும் எங்களையே செய்யச் சொல்கிறீர்கள் என்று எழுதியிருந்தார்கள். பாடத்திட்டம் முடியுமா என்று துறைத் தலைவரும் கவலைப்படுகிறார்.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. ஐந்தாண்டுக்கு முன் என்னிடம் படித்து, இப்போது வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடு பொருத்தும் வேலை செய்கிற ஒரு மாணவர் அண்மையில் என்னைப் பார்க்க வந்திருந்தார். புதிய வகை இன்வெர்ட்டர்கள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கையேடு இருக்கிறது, ஆனால் அதைத் தம்மால் படிக்க முடியவில்லை என்றார். மொழி ஒரு தடைதான், ஆனால் அவர் சொன்னது வேறு: “யாராவது உட்கார வைத்து நடத்தினால் எனக்குப் புரிகிறது ஐயா. நானாகப் படித்தால், புரிந்ததா இல்லையா என்பதே தெரிவதில்லை.” அவர் என் வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவர்.

ஆகவே கேட்கிறேன். மாணவர்கள் விரும்பாத இந்த முறையை நான் தொடர வேண்டுமா? செயல்வழியாகக் கற்றவர்கள்தாம் பிற்காலத்தில் தாமாகக் கற்பார்கள் என்று கல்வி ஆவணங்கள் சொல்வதை நேரில் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

மறுமொழி 1: பொறியியல் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர்

ஐயா, வணக்கம். உங்கள் மாணவர்கள் எழுதியதை வைத்து முறை தோற்றுவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லூயி டெலொரியேவும் அவருடைய சக ஆசிரியர்களும் இதையே சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். முதலாமாண்டு இயற்பியல் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்கு நல்ல விரிவுரையாகவும் மற்றப் பிரிவுக்குத் தாங்களே கணக்கைத் தீர்க்கும் வகுப்பாகவும் நடத்தினார்கள். தேர்வில் இரண்டாம் பிரிவினர் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் ‘எவ்வளவு கற்றுக்கொண்டீர்கள்’ என்று கேட்டதற்கு, விரிவுரை கேட்டவர்களே தாங்கள் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். தெளிவான விரிவுரை தடையின்றி ஓடுவதால், கேட்பவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போன்ற உணர்வு வருகிறது. தானே போராடும்போது தடுமாற்றம் கண்முன் நிற்கிறது. அந்தத் தடுமாற்றத்தைத் தன் அறியாமைக்குச் சான்றாக மாணவர் எடுத்துக்கொள்கிறார்.

இதில் நமக்கு ஒரு பிழை இருக்கிறது. இந்த முறையின் நோக்கத்தைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களுக்குச் சொல்ல நாம் மறந்துவிடுகிறோம். முதல் வாரத்தில் ஒரு வகுப்பின் பாதியை ஒதுக்கி, சிரமமாகத் தோன்றுவதற்கும் கற்றல் நிகழ்வதற்கும் உள்ள தொடர்பை எடுத்துச் சொல்லுங்கள். முதல் தேர்வுக்குப் பிறகு அவர்களுடைய மதிப்பெண்ணை அவர்களிடமே காட்டுங்கள். நான் இதைச் செய்யத் தொடங்கியபின் முறையீடு அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் மிகவும் குறைந்தது.

அடுத்து, குழுவாக அமர வைப்பது பற்றி. இதை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நானே பல ஆண்டுகள் இங்கேதான் தவறு செய்தேன். கேள்வியைக் கொடுத்து உடனே பேசச் சொன்னால் நால்வரில் ஒருவர்தான் சிந்திக்கிறார். மற்ற மூவர் அவர் எழுதுவதைப் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வகுப்பு சுறுசுறுப்பாகத் தெரியும். உண்மையில் விரிவுரையாளர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். ஹார்வர்டிலேயே எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சக மாணவர்வழிக் கற்பித்தலில் வரிசை முக்கியமானது. முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் ஓரிரு நிமிடம் யோசித்து ஒரு விடையைத் தேர்ந்து வாக்களிக்க வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவருடன் வாதிட வைக்க வேண்டும். பிறகு மறுபடி வாக்கு, அதன்பின் ஆசிரியரின் விளக்கம். முதல் வாக்கில் சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் நாம் மீண்டும் நடத்த வேண்டும் என்று பொருள். 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அடுத்த கருத்துக்குப் போய்விடலாம்.

மசூர் இந்த முறைக்கு வந்த விதம் உங்கள் சூரியத் தகடு மாணவரை எனக்கு நினைவூட்டுகிறது. அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளை எளிதாகப் போட்டார்கள். கனமான லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற எளிய கேள்விகள் கொண்ட ஒரு தேர்வைக் கொடுத்தபோது திணறினார்கள். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதச் சொன்னால் அத்தனை பேரும் எழுதுவார்கள்; லாரி என்றதும் விதி மறைந்துவிடுகிறது. மாணவர் ஒருவர், நீங்கள் கற்பித்தபடி விடை எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டாராம். தேர்வுக்கான அறிவும் வாழ்வுக்கான அறிவும் ஒரே தலைக்குள் தனித்தனியாகக் குடியிருப்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

பாடத்திட்டத்தை முடிப்பது பற்றி என் தீர்மானம் இது: சமன்பாடுகளை வருவிப்பதை நான் கரும்பலகையில் முழுதாக எழுதுவதை விட்டுவிட்டேன். நூலில் படித்து வரச் சொல்கிறேன். எந்த வரியில் புரியாமல் நின்றார்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வர வேண்டும். வகுப்பில் அந்த வரிகளை மட்டும் நடத்துகிறேன். ‘எங்கே எனக்குப் புரியவில்லை’ என்று சுட்டிக்காட்டும் பயிற்சிதான் உங்கள் பழைய மாணவருக்குக் கிடைக்காமல் போனது என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2: அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்

வணக்கம். கல்லூரியில் இப்போது பேசுகிற இதைத் தொடக்கப் பள்ளியில் நாங்கள் பல ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தவர்கள். ஆந்திரத்தில் ரிஷி வேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம் உருவாக்கிய அட்டை முறையிலிருந்து ஊக்கம் பெற்று, சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் தமிழகம் முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. மாநகராட்சி ஆணையராக இருந்து இதைத் தொடங்கி, பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பொறுப்பில் இருந்து மாநிலம் முழுதும் கொண்டுசென்றவர் எம்.பி. விஜயகுமார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம் இருக்கும். அந்தச் சின்னங்கள் வரிசையாக ஓர் ஏணியில் அமைந்திருக்கும். குழந்தை தான் நிற்கும் படியைப் பார்த்து, தன் அட்டையைத் தானே தட்டிலிருந்து எடுத்து, அந்தச் செயலுக்குரிய குழுவில் பாயில் போய் அமரும். ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவர் உதவி, தானே கற்றல், மதிப்பீடு என்று குழுக்கள் பிரிந்திருக்கும். சுவரில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் ஓர் இடம். வருகையைக்கூடக் குழந்தையே பதிவு செய்யும்.

இதன் பெருமையை ஒரு குழந்தையை வைத்தே சொல்ல முடியும். செங்கல் சூளை வேலைக்குப் போகும் பெற்றோரோடு ஆண்டில் சில மாதங்கள் வெளியூரில் இருந்துவிட்டு வரும் ஒரு சிறுமி என் வகுப்பில் இருந்தாள். பழைய முறையில் அவள் திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். கடைசி வரிசையில் வாயடைத்து உட்கார்ந்திருப்பாள். ஏணி வந்தபின், அவள் திரும்பி வந்த அன்று காலையில் நேராகப் போய் விட்ட இடத்து அட்டையை எடுத்துக்கொண்டு அமர்ந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தான் எதை முடித்திருக்கிறேன், அடுத்து என்ன என்பது ஏழு வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் முன்னாள் மாணவர் தம்மிடம் இல்லை என்று வருந்துவது இதைத்தானே?

ஆனால் குறையையும் மறைக்க மாட்டேன். நாளடைவில் அட்டையை முடிப்பதே கற்றல் என்றாகிவிட்டது. படத்துக்கு வண்ணம் தீட்டி, சொல்லைப் பார்த்து எழுதி, அடுத்த அட்டைக்குத் தாவிய பிள்ளைகள், ஏணியில் உயரப் போயும் ஒரு பத்தியைப் படிக்கத் தடுமாறியதை நானே கண்டேன். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில், மதிப்பீட்டு அட்டைக்குழுவில் அமர்ந்து குழந்தையைப் படிக்கக் கேட்பதற்கு நேரமே கிடைக்காது. பதிவேட்டை நிரப்பவே பொழுது சரியாக இருக்கும். கை வேலை செய்தது, மனம் வேலை செய்ததா என்று பார்க்க ஆளில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படைப்பாற்றல் கல்வி என்று மனவரைபடம் போட வைத்தபோதும் இதேதான் நடந்தது: நல்ல ஆசிரியரிடம் அது சிந்தனையின் வரைபடம், மற்ற இடங்களில் அது பார்த்து வரைந்த படம்.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையை அறிந்து கற்பிக்கிறோம். பெயர்கள் மாறினாலும் நான் என் வகுப்பில் விடாமல் வைத்திருக்கும் பழக்கம் ஒன்று உண்டு. செயல் முடிந்ததும் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, என்ன செய்தாய், எதனால் அப்படிச் செய்தாய் என்று பிள்ளையைத் தன் சொல்லில் சொல்ல வைப்பேன். சொல்ல முடியாவிட்டால் அந்தச் செயல் இன்னும் முடியவில்லை.

மறுமொழி 3: அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியவர்

தோழர்களுக்கு வணக்கம். பள்ளி, கல்லூரி இரண்டும் பேசப்பட்டுவிட்டதால், இரண்டுக்கும் வெளியே இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நான் தொண்டராகச் சேர்ந்தேன். பகலெல்லாம் கல்லுடைத்துவிட்டு வந்த பெண்கள் இரவில் அரிக்கேன் விளக்கின் கீழ் சிலேட்டோடு அமர்வார்கள்.

அந்த மாவட்டத்தில் எழுத்தோடு சேர்ந்து பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு தந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். மிதிவண்டியை யாரும் விரிவுரையால் கற்க முடியாது; விழுந்துதான் கற்க வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று. மிதிவண்டி ஓட்டக் கற்ற பெண் அடுத்த நாளே தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார். விளைந்ததைச் சந்தைக்குத் தாமே எடுத்துச் சென்றார். கற்றதற்கு அன்றாடம் வேலை இருந்தது. அதனால் அது மறக்கவில்லை.

எழுத்து அப்படி எல்லோரிடமும் நிலைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து நான் நடத்திய வகுப்புகளின் ஊர்களுக்குப் போனபோது, கல் குவாரியைப் பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுத்து நடத்திய இடங்களிலும், சேமிப்புக் குழுவில் கணக்கு எழுதும் பொறுப்பு ஏற்றவர்களிடமும் எழுத்து வளர்ந்திருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்துக்குத் தேவையே நேராத பெண்கள் பலர், மறுபடி பெருவிரலை மையில் வைத்திருந்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, மந்தமானவர்களும் இல்லை. படிக்க ஊரில் ஒரு தாள்கூட இல்லாத நிலையில் நாம் இயக்கத்தை முடித்துவிட்டு வந்தோம்.

ஆகவே முதல் மறுமொழி எழுதிய அம்மையார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தன் அறியாமையைத் தானே அறியும் பழக்கம் வேண்டும்தான். அந்தப் பழக்கத்துக்கு வாழ்வில் இடமும் வேண்டும். உங்கள் மாணவருக்குக் கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது, அவர் வேலைநாளில் படிப்பதற்கென்று ஒரு மணி நேரம் இல்லை, ஐயம் கேட்க ஆளில்லை என்றால், வகுப்பறையில் எவ்வளவு நன்றாகப் பழக்கினாலும் அது வற்றிவிடும். வாழ்நாள் கல்வி என்பதைத் தனிமனிதரின் கடமையாக மட்டும் பேசுகிறவர்கள் இதைப் பார்க்க மறுக்கிறார்கள். நூலகமும், மாலை நேர வகுப்பும், தமிழில் தொழில்நுட்பக் கையேடும் பொதுப்பணத்தில் செய்து தர வேண்டியவை.

மறுமொழி 4: செவிலியர்

எனக்கு 44 வயது. டிப்ளமோ முடித்து 20 ஆண்டுகளுக்கு மேல் வார்டில் வேலை செய்துவிட்டு, இப்போது டிப்ளமோ முடித்த செவிலியருக்கான போஸ்ட் பேசிக் பட்டப்படிப்பு படிக்கிறேன். முதல் மாதத்தில் பாடத்தை மூன்று நான்கு முறை வாசித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்று நம்பித் தேர்வுக்குப் போய் மிகக் குறைவாக வாங்கினேன். அதன்பின்தான் 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையைப் பற்றிப் படித்தேன். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியவர்களும் அதில் இருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்தவர்கள் 83 விழுக்காடும் எழுதியவர்கள் 71 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61.

இப்போது நான் படிப்பதைவிட மூடி வைத்து எழுதுவதே அதிகம். வார்டில் புதிதாக வரும் தங்கைகளுக்கும் அப்படியே சொல்லித் தருகிறேன். நோயாளிக்கு 500 மில்லி லிட்டர் திரவம் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளி விழும் குழாய் செட், நிமிடத்துக்கு எத்தனை துளி என்று கேட்டு, அவர்கள் சொல்லும்வரை காத்திருப்பேன். 42 என்று நானே சொல்லிவிட்டால் அன்றைக்கு வேலை நடந்துவிடும். நாளை இரவுப் பணியில் அவர் தனியாக நிற்பார்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று மாற்றங்களைச் செய்யப் போகிறேன். குழுவில் பேசுவதற்கு முன் தனியாக விடை எழுதியே ஆக வேண்டும். வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் குறிப்பேட்டை மூடி முந்தைய பாடத்தை எழுத வேண்டும். மின்னியல் அலகில் ஓர் இன்வெர்ட்டர் கையேட்டின் நான்கு பக்கத்தையே பாடமாக வைத்து, தெரியாத சொற்களோடு அதைப் படித்துப் பழக வேண்டும். அந்தப் பழைய மாணவரையே அன்று வகுப்புக்கு அழைக்க எண்ணியிருக்கிறேன். அறிவொளித் தோழர் சொன்ன இடத்தை அவருக்கு எங்களால் இந்த அளவிலாவது தர முடியும்.

ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. தவறான விடைக்குக் கை தூக்கியவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். குறிப்பாக மாணவிகள், மற்றவர்கள் எந்தப் பக்கம் தூக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டே தூக்குகிறார்கள்.

மறுமொழி 1 எழுதியவர்

கை தூக்க வைக்காதீர்கள் ஐயா. அ, ஆ, இ, ஈ என்று நான்கு வண்ண அட்டைகளை ஆளுக்கு ஒரு தொகுதி கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை நெஞ்சோடு சேர்த்து உங்களுக்கு மட்டும் தெரியும்படி பிடிக்கச் சொல்லுங்கள். எந்த விடைக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். யார் எது சொன்னார் என்பதை வெளியிட வேண்டாம். முதல் வாக்குக்கு எந்த நாளும் மதிப்பெண் வைக்காதீர்கள்.

கேள்வியையும் பெரும்பாலோர் தவறு செய்யக் கூடியதாகத் தேர்ந்தெடுங்கள். பத்தில் ஏழு பேர் தவறும்போது யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. மின்னியல் அலகுக்கு நான் வழக்கமாகத் தொடங்கும் கேள்வி இது: 40 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் தொடரிணைப்பில் இணைத்து வீட்டு மின்சாரத்தில் எரிய விட்டால், எது அதிக வெளிச்சமாக எரியும்? என் வகுப்புகளில் பெரும்பாலோர் முதல் வாக்கில் 100 வாட் என்பார்கள். வாதிட்டு முடித்து இரண்டாம் வாக்கு எடுத்தபின், மேசையில் தயாராக வைத்திருக்கும் இரண்டு பல்புகளையும் எரிய விடுங்கள். மின்தடை அதிகமுள்ள 40 வாட் பல்பு பளிச்சென்று எரியும், 100 வாட் பல்பின் இழை மங்கிச் சிவந்திருக்கும். அதன்பின் மின்தடையைப் பற்றி நீங்கள் பேசும் பத்து நிமிடத்தை அவர்கள் கேட்கும் விதமே வேறாக இருக்கும்.